உதகையில் குடியேறுவதும் கோடையில் உறவினரை அழைப்பதும்: ஊர்க்காரர்களின் ஆலோசனை தேவை

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு உதகமண்டலத்துக்கு மாற்றல் ஆணை வந்திருக்கிறது. பிள்ளைகளின் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு மேலே வந்துவிட எண்ணியிருக்கிறோம். மூத்தவனுக்கு 9 வயது, இளையவளுக்கு 4 வயது. மாமியாரும் எங்களோடு வருகிறார். அவருக்கு மூட்டுவலியும் இளைப்பும் உண்டு. உதகைக்கு நாங்கள் இரண்டு முறை சுற்றுலாவாக வந்ததோடு சரி. அங்கே குடியிருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. மாற்றல் செய்தி தெரிந்த அன்றே நாத்தனார் குடும்பம் மே மாதம் நான்கு நாட்கள் வந்து தங்குவதாகச் சொல்லிவிட்டது. அவர்களுக்கும் இரண்டு சிறு பிள்ளைகள். வீடு பார்ப்பதில் எதைக் கவனிக்க வேண்டும், குளிரை எப்படிச் சமாளிப்பது, வருகிறவர்களை எங்கெல்லாம் அழைத்துச் செல்வது என்று ஊரில் இருப்பவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பிங்கர்போஸ்ட் ஆசிரியை

வாருங்கள் சகோதரி. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து 31 ஆண்டுகள் ஆகின்றன. பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வீடு சரியாக அமையாவிட்டால் மற்ற எதுவும் சரியாக அமையாது.

வாடகை எவ்வளவு, அறைகள் எத்தனை என்று கேட்பதற்கு முன், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேளுங்கள். மலைச்சரிவின் வடக்கு முகத்தில் இருக்கும் வீடுகளுக்கு டிசம்பரிலும் ஜனவரியிலும் மிகக் குறைவாகவே வெயில் கிடைக்கும். மதுரையில் நிழலுக்காக வீடு தேடிய நீங்கள் இங்கே வெயிலுக்காக வீடு தேட வேண்டும். இளைப்பு இருக்கும் பெரியவரை வைத்துக்கொண்டு இருட்டும் ஈரமுமான வீட்டில் குடியேறவே கூடாது. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தால் அதைக் கண்டு திருப்தியடைய வேண்டாம். அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, பின்னால் உள்ள சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் ஈரம் ஒட்டினாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ, ஜூலை மாதத்தில் அந்த வீட்டில் துணியும் புத்தகமும் பூத்துப்போகும் என்று அறிந்துகொள்ளலாம்.

வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி இறக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தடுப்புச் சுவர் இருந்தால் மட்டும் போதாது, அதில் மழைநீர் வடிவதற்குத் துளைகள் விட்டிருக்க வேண்டும். 2009 நவம்பரில் பெய்த மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரத்தில் எங்கள் தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண்கள் முதலில் பின்புறச் சுவரைத்தான் தேடும்.

இன்னொன்று. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் மகள் குடும்பம் திருமணமான புதிதில் குடியிருந்த வீட்டை, ஏப்ரல் மாதம் பிறந்ததும் காலி செய்யும்படி வீட்டுக்காரர் கேட்டார். சீசனில் நாள் வாடகைக்கு விட்டால் ஆண்டு முழுவதற்குமான வாடகையில் பெரும்பங்கை இரண்டே மாதத்தில் பெற்றுவிடலாம் என்பதுதான் காரணம். கைக்குழந்தையோடு அவள் வீடு தேடி அலைந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

சமையலறையிலும் சில மாற்றங்கள் வரும். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வேகாது. எனவே குக்கர் இல்லாமல் இங்கே குடும்பம் நடத்த இயலாது. தேங்காய் எண்ணெய் உறைந்தே இருக்கும். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். இட்லி மாவு மதுரையில் பொங்குவதுபோல் ஒரே இரவில் பொங்காது. மாலையிலேயே அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துக் கரைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். முதல் மாதத்தில் இதற்காக நான் அழுதிருக்கிறேன்.

மாமியாரின் இளைப்புக்குக் குளிர்ந்த காற்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கிளம்புவதற்கு முன் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் உயரத்தையும் குளிரையும் சொல்லி ஆலோசனை பெற்றுக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் சற்றுக் கடினமான நோய் என்றாலே கோவைக்குத்தான் ஓட வேண்டும். 2025 ஏப்ரலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு திறக்கப்பட்ட பிறகு, முதியவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கிறது.

பல்சக்கரம்

நான் குன்னூரில் இருப்பவன். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் ரயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சிறு பிள்ளைகளோடு வரும் பலர் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை முழுத் தூரமும் மலை ரயிலில் வரத் திட்டமிடுகிறார்கள். 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆகும். 9 வயதுப் பையனுக்கு அது வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கும். 4 வயதுக் குழந்தை இரண்டாவது மணி நேரத்திலேயே இறங்க வேண்டும் என்று அழத் தொடங்கிவிடும். ஆகவே சின்னவளுக்குக் குன்னூரிலிருந்து உதகை வரை உள்ள பகுதியே போதும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பெரியவர்களுக்கும் சிரமம் இராது.

ஆனால் பையனை ஒருமுறையாவது கீழ்ப்பகுதியில் அழைத்துச் செல்லுங்கள், ஏனென்றால் இந்தப் பாதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை தொடங்கும். நீராவி எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதில் பொருந்திக்கொள்ள, எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு வரும். பன்னிரண்டரை மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் அது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிப்பதற்கென்று ஓர் ஊழியர் நிற்பார். எஞ்சினின் விசில் ஒலியைக் கேட்டு அவரவர் கையால் இயக்குவார்கள். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி, பையனைப் பாதுகாப்பான தொலைவில் நிறுத்தி அந்தப் பல்சக்கரத்தைக் காட்டுங்கள். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு பறித்துவிடும், எச்சரிக்கையாக இருங்கள்.

குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் ஓடத் தொடங்கிய இந்தப் பாதையில் 208 வளைவுகளும் 16 குகைகளும் 250 பாலங்களும் உள்ளன. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட நாளில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. கோடை விடுமுறைக்கான இடங்கள் முன்பதிவு திறந்தவுடனேயே தீர்ந்துவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து ரயில் நிறுத்தப்படுவது வழக்கம். அந்த மாதங்களில் ரயிலை மட்டும் நம்பி வருவது சரியாக இராது.

கேத்தி உழவன்

நாத்தனார் குடும்பம் மே மாதம் வருகிறது என்று படித்ததும் எழுதத் தோன்றியது. சகோதரி வருத்தப்படக் கூடாது.

நாங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகக் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிடும் படுகர் குடும்பம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை என் தாயாருக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆம்புலன்ஸில் உதகைக்குக் கொண்டு போனோம். மற்ற நாட்களில் இருபது நிமிடத்தில் போய்ச் சேரும் தூரம் அது. லவ்டேல் சந்திப்புக்கு முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னே போகவும் வழியில்லை, ஒதுங்கவும் இடமில்லை. ஒன்றரை மணி நேரம் ஆம்புலன்ஸின் ஒலியைக் கேட்டுக்கொண்டே தாயாரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். அன்று அந்தச் சாலையில் இருந்த யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் பிள்ளைகளோடு வந்தவர்கள்தான். ஆனால் இந்த மலையின் சாலைகளுக்கு ஓர் அளவு உண்டு என்பதை அன்று உணர்ந்துகொண்டேன்.

அதனால்தான் 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால், வெளியூர் வண்டிகள் இணையத்தில் அனுமதி பெற்று வரும் இ-பாஸ் முறை வந்ததையும், 2025 ஏப்ரலிலிருந்து கோடைக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு விதிக்கப்பட்டதையும் நான் மனமார வரவேற்கிறேன். உறவினர் சொந்தக் காரில் வருவதாக இருந்தால் அப்போது என்ன விதி இருக்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்குவதும் உண்டு.

உங்கள் பிள்ளைகள் எங்கள் தோட்டங்களைப் பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாக வரலாம். ஆனால் கேட்டுவிட்டு வரட்டும். புகைப்படம் எடுப்பதற்காகப் பாத்திக்குள் இறங்கி மிதித்துவிட்டுப் போவது எங்களை மிகவும் நோகச் செய்கிறது. மண் கெட்டியானால் கேரட் நேராக இறங்காது; முனை பிளந்து வளரும். அப்படிப்பட்ட கேரட்டை மண்டியில் ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

கடைவீதிக்காரர்

கேத்தி அண்ணனின் தாயாருக்கு நேர்ந்ததை வாசித்து மனம் கனத்துவிட்டது. ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் கமர்ஷியல் ரோட்டுக்கு அருகில் வர்க்கியும் சாக்லேட்டும் தைலமும் விற்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாத வியாபாரத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் கடை வாடகையையும் கட்டுகிறேன். ஜூன் பிறந்து மழை இறங்கிவிட்டால் ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தாலே அதிகம். இ-பாஸ் என்றதும், அனுமதி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்திலேயே பல குடும்பங்கள் வேறு ஊருக்குத் திரும்பிவிடுகின்றன. வரம்பு வைப்பவர்கள் எங்களைப் போன்றவர்களின் பிழைப்புக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும் அல்லவா?

கேத்தி உழவன்

தம்பி சொல்வது நியாயம்தான். மனிதர்கள் வருவதை நான் எதிர்க்கவில்லை. குடும்பத்துக்கு ஒரு கார் என்று ஏறி வருவதால்தான் சாலை திணறுகிறது. அரசுப் பேருந்துக்கு இந்த வரம்பு கிடையாது. ஒரு பேருந்தில் வருபவர்கள் பத்துக் கார்களில் வந்தால் சாலையில் எவ்வளவு இடம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களும் உங்கள் கடையில்தான் வர்க்கி வாங்கப்போகிறார்கள்.

கோவைத் தந்தை

இதற்கு எங்கள் குடும்பமே சாட்சி. முன்பு நாங்களும் காரில்தான் வருவோம். ஒரே நாளில் ஏழு இடங்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வளைவுகளில் வாந்தி எடுக்க, எதையும் முழுதாகப் பார்க்காமல் இறங்கிப் போவோம். கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறி வந்து, ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகமே ஊருக்குள் சுற்றுப் பேருந்துகள் இயக்குகிறது.

தாவரவியல் பூங்காவுக்குக் காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். 1848-இல் தொடங்கப்பட்ட பூங்கா அது. ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்பு சரிவாக மேலேறிச் செல்கிறது. மாமியாருக்கு மூட்டுவலி என்றீர்கள். கீழே உள்ள பெரிய புல்வெளியிலேயே அவரை அமர வைத்துவிடலாம், அதற்கு மேல் ஏற வேண்டியதில்லை. கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்று அங்கே இருக்கிறது, 2 கோடி ஆண்டுகள் பழமையானது. என் மகன் அதன் மீது கை வைத்து, “இது மரமா, கல்லா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான், அங்கிருந்து அவனைக் கிளப்பவே அரை மணி நேரம் ஆயிற்று. பூங்காவின் மேல்புறம் தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது அவர்களின் குடியிருப்பு, இருக்கிறது. அது மக்கள் வாழும் இடம் என்பதால் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துச் செல்ல வேண்டும்.

தொட்டபெட்டாவுக்கு (2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரமான சிகரம்) மதியத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் மேகத்தைத்தான் பார்க்க முடியும். ஏரியில் படகுச் சவாரி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சின்னவர்களுக்கு அங்கேயே குட்டி ரயிலும் உண்டு. ஆனால் நீரின் மேல் வீசும் காற்று காதை அடைக்கும், குல்லா இல்லாமல் போக வேண்டாம்.

உங்கள் மூத்த மகனுக்காக ஓர் இடத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். ஊரிலிருந்து சற்றுத் தள்ளி முத்தோரையில் 1970 முதல் இயங்கிவரும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அந்தச் சரிவின் சாய்வு ஏறக்குறைய 11 டிகிரி. உதகையின் அட்சரேகையும் அதே அளவு. அதனால் கருவியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து நோக்கலாம். இதை உருவாக்கிய பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் இப்படிப்பட்ட ஒரு சரிவைத் தேடி நாட்டின் தென்பகுதிக்கு வந்தார் என்பதைச் சொன்னபோது என் மகன் மலையையே வேறு கண்ணோடு பார்த்தான். உள்ளே சென்று பார்ப்பதற்கு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாலையிலிருந்து பார்த்தாலே பிரமிப்பாக இருக்கும். அதே பக்கத்தில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகமும் உள்ளது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் வாழ்க்கையை அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மாவட்டம் முழுவதும் தடை இருப்பதால் எவர்சில்வர் புட்டிகளைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். கேத்தி அண்ணனின் பதிவை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவரே நாத்தனாரிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டார். மே மாதம் வேண்டாம் என்றால் வேறு எப்போது வரச் சொல்லலாம்? டிசம்பரில் உறைபனி பார்க்கலாம் என்கிறாரே அவர்?

பிங்கர்போஸ்ட் ஆசிரியை

உறைபனி அழகுதான். தலைகுந்தாவில் விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்திருக்கும். ஆனால் அன்றைய தினம் தேயிலை கருகிவிட்டதே என்று ஒரு குடும்பம் கவலையில் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கும் அந்தக் குளிர் கடுமையானது. காலாண்டு விடுமுறையில் வரச் சொல்லுங்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களை நாங்கள் இரண்டாம் சீசன் என்போம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, மலை பச்சையாக, பூங்காவில் புதிதாக நட்ட செடிகள் பூத்திருக்கும். கூட்டமும் மே மாதத்தைப் போல் இராது. கடைவீதித் தம்பிக்கும் அது வியாபாரம் குறைந்த காலம். அப்போது வருகிறவர்களை அவர் கூடுதல் மகிழ்ச்சியோடு வரவேற்பார்.

கடைவீதிக்காரர்

உண்மைதான் அம்மா. சகோதரி குடும்பத்தோடு வரும்போது அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வர்க்கி தருகிறேன்.

வைகைக்கரை

மூன்று மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கிழக்கே வெயில் விழும் வீடு ஒன்று கிடைத்தது. ஆசிரியை அம்மா சொன்னபடி அலமாரியை நகர்த்திப் பார்த்து இரண்டு வீடுகளை வேண்டாம் என்றோம். மாமியார் முதல் இரண்டு வாரம் சிரமப்பட்டார். மருத்துவர் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்த பிறகு இப்போது காலையில் வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்கிறார். நாத்தனார் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டு, குன்னூரிலிருந்து ரயிலுக்கு இடமும் பதிவு செய்துவிட்டார். மகளுக்கு ரயிலின் ஒலி கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடுகிறாள். இட்லி மாவு இப்போது கம்பளிக்குள் ஒழுங்காகப் பொங்குகிறது.

ஒரே ஒரு பிரச்சினை. பத்து நாட்களாக மழை விடவில்லை. பிள்ளைகளின் சீருடையைக்கூட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்திவிடுகிறேன், ஆனால் பள்ளிக் காலணிகள் உலரவே மாட்டேன் என்கின்றன. ஈரக் காலணியோடு அனுப்ப மனம் வரவில்லை. இதற்கு என்ன செய்வது?

பிங்கர்போஸ்ட் ஆசிரியை

பள்ளியிலிருந்து வந்தவுடன் காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி முனை வரை திணித்து வையுங்கள். இரவு படுக்கும் முன் அதை எடுத்துவிட்டு உலர்ந்த தாளைத் திணியுங்கள். காலணிகளை அடுப்பின் அருகே வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். முடிந்தால் இன்னொரு இணை வாங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போடச் செய்யுங்கள். செய்தித்தாள் போதவில்லை என்றால் எங்கள் வீட்டில் ஒரு கட்டு இருக்கிறது, பையனை அனுப்பி வையுங்கள்.